சர்க்கரை என்று தெரிந்தும் அப்பா ஏன் மாத்திரை போட மாட்டேன் என்கிறார்?

மதுரைக்காரன்:
அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை என்று தெரிந்து 4 வருஷம் ஆகிறது. மாத்திரை வாங்கி வைத்தால் அட்டை அப்படியே கிடக்கிறது, கேட்டால் "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையேடா" என்கிறார். தெருவில் ஒருவருக்குக் கால் விரலை எடுத்தபோது மூன்று நாள் ஒழுங்காகப் போட்டார், அப்புறம் பழைய கதைதான். புண் படமெல்லாம் காட்டிப் பயமுறுத்தியும் பார்த்துவிட்டேன். உளவியலில் இதற்கு ஏதாவது விளக்கம் உண்டா?

திண்ணைவாசி:
உண்டு. 1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே வண்டியைத் தெருவுக்கே அனுப்பியும் பலர் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று ஹாக்பாம் என்ற உளவியலாளர் விசாரித்தார். அறிகுறி இல்லாமலே நமக்கும் நோய் இருக்கலாம், முன்னாடியே கண்டுபிடித்தால் நல்லது, இந்த இரண்டையும் நம்பியவர்களில் 82% பேர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள், இரண்டையும் நம்பாதவர்களில் 21% பேர்தான். உடல்நல நம்பிக்கை மாதிரி (Health Belief Model) என்கிற கோட்பாடு இப்படித்தான் வந்தது. உங்கள் அப்பா சொல்லும் "ஒண்ணும் பண்ணலையே" அந்த முதல் நம்பிக்கை இல்லாததுதான். சர்க்கரை வலிக்காதே, அவரும் என்ன செய்வார்!

கோவைக்காரி:
படம் காட்டுவதை முதலில் நிறுத்துங்க. 1965-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் லெவன்தால் என்ற உளவியலாளரின் குழு டெட்டனஸ் ஊசியை வைத்துச் சோதித்தது. பயம் காட்டினால் போட வேண்டும் என்ற எண்ணம் கூடியது, அவ்வளவுதான், நிஜமாகப் போய்ப் போட்டவர்கள் 3% சொச்சம். அதோடு சேர்த்து ஊசி போடும் இடத்தை வரைபடத்தில் வட்டமிட்டுக் காட்டி, என்றைக்குப் போவாய் என்று யோசிக்கச் சொன்னவர்களில் 28% பேர் போனார்கள். எங்கள் வீட்டில் மாமனார் மாத்திரை டப்பாவை ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் வைத்தோம். ஊறுகாய் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது, கை தானாக அங்கே போகும்.

மருந்துக்கடை:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். திண்ணைவாசி சொன்ன கோட்பாட்டிலேயே தடைகள் என்று ஒரு பகுதி உண்டு. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு வயிற்றைப் புரட்டும், பேதியாகும். பெரியவர்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். பணம், அலைச்சலும் தடைதான், அதற்குத்தான் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்று மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். அவரிடம் "ஏன் போடலை" என்று கேட்காமல், "போட்டால் என்ன பண்ணுது" என்று கேட்டுப் பாருங்கள்.

மதுரைக்காரன்:
கேட்டேன். காலையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் வழியில் வயிறு கலக்குகிறதாம், ஒருநாள் பாதியிலேயே இறங்கினாராம். நாலு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.