ஓடும்போதே அணையும் பழைய வண்டி: நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

சத்தி ரோடு:

2003 மாடல் பெட்ரோல் கார். திம்பம் ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் தாண்டிய பிறகு அணைந்தது. திணறல் இல்லை, மிஸ்ஸிங் இல்லை. யாரோ சாவியைத் திருப்பி எடுத்ததுபோல ஒரே நொடியில் அமைதி. பின்னால் கரும்பு லாரி. ஸ்டீயரிங் கெட்டிப்பட்டுவிட்டது. பிரேக் முதல் மிதியில் பிடித்தது, அடுத்த மிதியில் பெடல் இறுகிவிட்டது. மனைவி இறங்கி ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்.

இது முதல் தடவை அல்ல. பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி ஒழுங்காக ஓடும், ஸ்கேனரிலும் எதுவும் காட்டாது. பெட்ரோல் பம்ப், ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. நின்றால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் தானாகக் கிளம்பும்.

அன்றைக்கு ஆசனூர்ப் பக்கமிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வண்டி நின்ற இடத்துக்கே வந்தார். அவர் பானட்டைத் திறக்கவில்லை. அதுதான் இன்னும் என் மனதில் நிற்கிறது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "செல்ஃப் அடிங்க, ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க" என்றார். எஞ்சின் சுற்றுகிறது, முள் பூஜ்ஜியத்தை விட்டு அசையவே இல்லை. "எஞ்சின் சுத்துறதே கம்ப்யூட்டருக்குத் தெரியலை சார். கிராங்க் சென்சார்" என்றார். அப்புறம்தான் பானட்டைத் திறந்து, சென்சார்மேல் ஈரத்துணியைச் சுற்றினார். சில நிமிடத்தில் முள் துள்ளியது, வண்டியும் பிடித்தது.

சென்சாருக்குள் இருப்பது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். சூட்டில் விரியும்போது எங்கோ ஓரிடத்தில் பிரிந்துவிடுகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. பட்டறையில் ஆறிய சென்சாரை மீட்டர் வைத்து அளந்தபோது ஓம் கணக்கு (மின்தடை) சரியாகத்தான் இருந்தது. சென்சார் மாற்றிய பிறகு இன்றுவரை நிற்கவில்லை.

பரமக்குடி அம்பாசடர்:

இதைப் படித்துவிட்டு எல்லோரும் நேராகச் சென்சார் வாங்கக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது பாயிண்ட் (எஞ்சின் சுற்றும்போது கரண்டை இணைத்து அறுக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய அம்பாசடர். அதில் சென்சார் என்ற பேச்சே கிடையாது. ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறி அத்தனையும் அப்படியே இருந்தது. சூட்டில் நிற்கும், ஆறினால் கிளம்பும்.

ராமநாதபுரம் போகும் வழியில், சித்திரை வெயிலில் நின்றுவிட்டது. அப்பா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, சாவியை ஆன் செய்யச் சொல்லி, மூடியிருந்த பாயிண்டை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பிரித்துக் காட்டினார். பாயிண்டில் பொறி தடிமனாகப் பறந்தது. எனக்கு மகிழ்ச்சி, பொறி வருகிறதே என்று. அப்பா தலையை ஆட்டினார். "பொறி வர வேண்டிய இடம் பிளக். இங்கே இவ்வளவு வந்தா கண்டன்சர் போச்சு." கண்டன்சர் நன்றாக இருந்தால் பாயிண்ட் பிரியும்போது கரண்ட் பளிச்சென்று அறும். அப்படி அறுந்தால்தான் பிளக்குக்குப் பொறி தரும் காயிலில் உயர் மின்னழுத்தம் உண்டாகும். கண்டன்சர் செத்துவிட்டால் அந்தச் சக்தியெல்லாம் பாயிண்டிலேயே எரிந்து வீணாகிறது.

மாற்றுவதற்கு என்ன செய்தார் தெரியுமா? கழற்றியது சமீபத்தில் போட்ட புது கண்டன்சர். அதற்கு முன்பு பல வருடம் ஓடிய பழையதைத் தாளில் சுற்றி டூல் பையில் வைத்திருந்தார். அதைப் போட்டோம், ஊர் வந்து சேர்ந்தோம். புது சாமான்தானே, அதில் கோளாறு இருக்காது என்று நான் முன்பே அதைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தேன். அப்பா நீக்கவில்லை.

பட்டறைக்காரன்:

ஆட்டோ எலக்ட்ரிக்கல் என் தொழில். மேலே இரண்டு பேர் சொன்னதிலும் ஒன்றைக் கவனியுங்கள். கோளாறு உயிரோடு இருந்த நேரத்தில் பார்த்திருக்கிறார்கள், அதனால் பிடிபட்டது. ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்திய வண்டியில் அந்த நேரத்தில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

ஒரு கார்புரேட்டர் கார் வந்தது. வேகத்தடையில் சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. காயிலின் பிளஸ் முனையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, சின்ன ஃபியூஸ் போட்டு, டேஷ்போர்டுமேல் 12 வோல்ட் பல்பு ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். "வண்டி நிக்கிற நேரத்துல பல்பு எரியுதா அணையுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். இரண்டும் சேர்ந்து அணைகிறது என்று போன் வந்தது. அப்படியானால் காயில், பாயிண்ட் மேல் பழி இல்லை, காயிலுக்கு வரும் வழியிலேயே கரண்ட் அறுகிறது. ஸ்டீயரிங்குக்கு அடியில் கைவிட்டால் ஒரு பழைய திருட்டு அலாரம். ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது, இப்போதைய ஓனருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இக்னிஷன் ஒயரை வெட்டி, அலாரம் ரிலே (கரண்டை இணைத்து அறுக்கும் மின் சுவிட்ச்) வழியாக விட்டு, முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை உருகி வழிந்து, முறுக்கு தளர்ந்து, ஒயர் கறுத்திருந்தது.

கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நின்றவுடன் சாவியை அப்படியே விட்டு டேஷ்போர்டு மீட்டரைப் பாருங்கள். எல்லா விளக்கும் செத்துவிட்டால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச் பக்கம் தேட வேண்டும். ஆயில் லைட், பேட்டரி லைட் எரிகிறது, எஞ்சின் மட்டும் இல்லை என்றால் காயில், சென்சார், பம்ப் பக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் டேங்க் பக்கம் பம்ப் ஓரிரு நொடி முனகும். அந்தச் சத்தமே இல்லை என்றால் பம்புக்குக் கை வைக்கும் முன் ரிலேயைப் பாருங்கள். ரிலேவின் உள்ளே சால்டர் விரிசல் விட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் தொடர்பு விட்டுப்போகும், மாலையில் சரியாகிவிடும்.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சினுக்கும் உள்ள இணைப்பு. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் கட்டையில் (கிளாம்பில் அல்ல, கட்டையில்), மற்றது எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இரும்பில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. அரை வோல்ட் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி இரண்டு முனையையும் தேய்த்துப் பூட்டுங்கள். வெறும் ஓம் பார்த்துவிட்டு ஒயர் சரி என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டையே உண்டு. பல இழைகளில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தாலும் மீட்டர் ‘சரி’ என்றுதான் காட்டும். அதே ஒயரில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொங்கவிட்டுப் பாருங்கள், மங்கலாக அழும்.

கடைசியாக, சாவிக்கொத்து கனமாக இருந்தால் வண்டி நிற்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்புவதில்லை.

தஞ்சை டிரைவர்:

அண்ணா, மற்ற எல்லாம் சரி. கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

நான் ஓட்டிய முதலாளியின் காரில், சாவிக்கொத்தில் வீடு, கடை, குடோன் எல்லாச் சாவியும் தொங்கும். பாபநாசம் பக்கம் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும் குலுக்கலில் எஞ்சின் அணைந்தது. முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது, பின் சக்கரம் இன்னும் தாண்டவில்லை. அந்த நேரத்தில் ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அண்ணா. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கரண்ட் போயிருந்தால் பாட்டும் நின்றிருக்க வேண்டும். குனிந்து பார்த்தால் சாவி ஒரு படி பின்னால், ரேடியோ மட்டும் வேலை செய்யும் இடத்தில் நிற்கிறது. கொத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து கேட்டைக் கடந்தேன். சுவிட்சைக் கழற்றிய எலக்ட்ரீசியன் உள்ளே பள்ளம் தேய்ந்திருப்பதைக் காட்டினார். புது சுவிட்ச் போட்டு, கார் சாவியைத் தனியாகப் பிரித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வெறும் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். 2014இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான். சுவிட்சின் பிடிப்பு பலவீனமாக இருந்ததால், கனமான கொத்தோ ஒரு குலுக்கலோ சாவியைப் பின்னால் தள்ளிவிட்டது. எஞ்சினோடு பவர் ஸ்டீயரிங்கும் போனது, ஏர்பேக்கும் வேலை செய்யவில்லை. நஷ்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட உயிரிழப்பு மட்டும் 124. உங்கள் பட்டறைக்கு வருபவர்களிடம் தயவுசெய்து கொத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

சத்தி ரோடு:

அம்பாசடர் சார், சூட்டில் நிற்கும் எல்லா வண்டிக்கும் சென்சார்தான் காரணம் என்று நான் எழுதவில்லை. செல்ஃப் சுற்றும்போது முள் அசையவில்லை என்றுதான் எழுதினேன். முள் ஆடியிருந்தால் அந்த அண்ணன் வேறு பக்கம் போயிருப்பார். உங்கள் அப்பா பொறியைப் பார்த்தார், இவர் முள்ளைப் பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று: மலையில் நின்றுவிட்டால் பிரேக்கை மிதித்து மிதித்து விடாதீர்கள். பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள்.

வடமராட்சி வான்:

எல்லாரும் பெட்ரோல் வண்டியைப் பற்றியே சொல்கிறீர்கள். எங்களுடையது பழைய ஜப்பான் டீசல் வான். ஏ9 வீதியில், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரத்தில் நின்றது. வானுக்குள் அம்மா, மச்சாளின் கைக்குழந்தை. முதல் போன கராஜில், "டீசல் எஞ்சினுக்குக் கரண்ட் தேவையில்லை, இது டீசல் வராத பிரச்சினை" என்று சொல்லி, டேங்கைக் கழுவி, ஃபில்டரையும் மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

கரண்ட் தேவை. எங்கள் வானில் இருப்பதுபோன்ற ரோட்டரி டீசல் பம்பின் தலையில் ஒரு சொலினாய்ட் இருக்கிறது. சாவி ஆன் ஆக இருக்கும்வரை 12 வோல்ட் அதற்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் அறுந்தாலும் அது டீசல் வழியை மூடிவிடும், எஞ்சின் உடனே நிற்கும். சாவியை நிறுத்தினால் எஞ்சின் நிற்பதே அதனால்தான்.

றோட்டோரத்தில் மாமா சாவியைப் போட, நான் பம்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ‘டிக்’ கேட்க வேண்டும். கேட்கவில்லை. அந்த ஒற்றை வயரை விரலால் பிடித்து மெல்ல வளைத்தேன். டிக். விட்டேன், திரும்பவும் டிக். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. வயரைச் சரியான வளைவில் நூலால் கட்டிக்கொண்டே வவுனியா போய்ச் சேர்ந்தோம்.

அங்கே முனையை வெட்டிப் பார்த்தால், வயரின் தோலுக்குள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருக்கிறது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. பட்டறைக்காரர் அண்ணை, பச்சை பிடித்த துண்டை மட்டும் வெட்டி இணைத்தால் போதுமா, முழு வயரையும் மாற்ற வேண்டுமா?

பட்டறைக்காரன்:

தஞ்சைத் தம்பி சொன்ன ரேடியோ விஷயம் நல்ல அடையாளம். சாவிக்கொத்து பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

வான்காரருக்கு: பளபளப்பான செம்பு தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போங்கள். அரை அடிக்குள் தெரிந்தால் அதே கனத்தில் புது ஒயரை இணைத்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். எஞ்சின் அதிர்வில் சால்டர் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒடியும், அதனால் இணைப்புக்கு இரண்டு பக்கமும் கிளிப் போட்டுக் கட்டுங்கள். அரை அடி தாண்டியும் கறுப்பாகவே வந்தால் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து புது ஒயரே இழுத்துவிடுங்கள். ஈரம் எங்கிருந்து உள்ளே போனது என்றும் பாருங்கள், பெரும்பாலும் மேலே எங்கேயாவது டெஸ்ட் லேம்ப் ஊசியால் குத்திய ஓட்டை இருக்கும்.