மழையும் விடவில்லை, பையனும் போனை விடவில்லை: மூன்றரை வயதுப் பிள்ளையை வீட்டுக்குள் என்ன செய்து சமாளிப்பது?

கோத்தகிரி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி பிறந்ததிலிருந்து இங்கே சரியாக வெயிலையே பார்க்கவில்லை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஆனி ஆடியில் கொட்டித் தீர்த்துவிடும், எங்களுக்கு இந்த வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. சரி, மழை பழகிவிட்டது, பிரச்சினை என் பையன். மூன்றரை வயது. கண் விழிக்கும்போதே "போன்" என்றுதான் எழுகிறான். நான் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன், வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும், அதுவரை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு முட்டி வலி, இவன் பின்னால் ஓட முடியாது, அதனால் போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போனை வாங்கினால் தரையில் உருண்டு அழுகிறான், சில நேரம் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறான். பகலில் வெளியே விடச் சொன்னால் மாமியார் "சளி கட்டிக்கும்" என்கிறார். சாயங்காலம் நான் வந்தபிறகு விடலாமென்றால் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கீழேயே தேயிலைக்குள் கரடி நடமாட்டம், பெரியவர்களே டார்ச் இல்லாமல் இறங்குவதில்லை. பக்கத்தில் சின்னப் பிள்ளைகளும் கிடையாது. இதில் இன்னொன்று, பேச்சு குறைவாகத் தெரிகிறது. "தண்ணி வேணும்", "அம்மா வா" இந்த அளவுதான். ஆனால் போனில் வரும் இங்கிலீஷ் பாட்டை முழுசாகப் பாடுகிறான்! மாமனாரைக் கேட்டால் "இவங்கப்பன் நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று முடித்துவிடுகிறார். பயப்பட வேண்டுமா, வேண்டாமா? "போனைக் கொடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

குன்னூர் அங்கன்வாடி டீச்சர்:
முதல் கேள்வி, அங்கன்வாடியில் சேர்த்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மூன்று வயது ஆனால் தாராளமாகச் சேர்க்கலாம், காசு கிடையாது, மதியம் சாப்பாடும் முட்டையும் உண்டு. பலபேர் அதைச் சத்துமாவு வாங்குகிற இடமாக மட்டும் பார்க்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம். உங்கள் பையனுக்கு இப்போது வேண்டியது பொம்மையோ பாடமோ இல்லை, அவன் உயரத்தில் இருக்கும் நாலைந்து பிள்ளைகள். ஒருத்தன் கையிலிருக்கும் பந்தைப் பிடுங்கி, அடி வாங்கி, அழுது, அப்புறம் கேட்டு வாங்கக் கற்றுக்கொள்கிறானே, அதை வீட்டில் நாம் சொல்லிக் கொடுக்க முடியாது. பேச்சும் அப்படித்தான் வரும். பெரியவர்கள் கையை நீட்டினாலே புரிந்துகொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவோம், பிள்ளைகளிடம் அது நடக்காது, வாயைத் திறந்து கேட்டே ஆக வேண்டும்.

சளி விஷயம். சளி பிடிப்பது வைரஸால். ஸ்வெட்டர், குல்லா போட்டு ஒரு மணி நேரம் வெளியே விளையாடுவதைவிட, ஜன்னலைச் சாத்திய அறைக்குள் இருமுகிற பெரியவர்களோடு நாள் முழுக்க இருப்பதில்தான் சளி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். இதை உங்கள் மாமியாரிடம் நீங்கள் சொன்னால் சண்டையில் முடியும், உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைச் சொல்ல வையுங்கள், கேட்டுக்கொள்வார்.

கொடை அப்பா:
எங்கள் கொடைக்கானலில் கரடிக்குப் பதிலாகக் காட்டெருமை. டவுன் ரோட்டிலேயே நிற்கும். அதனால் "வெளியே விடுங்கள்" என்று சமவெளியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை ஒரு நேரம் உண்டு, மழை கொஞ்சம் ஓயும், நல்ல வெளிச்சம் இருக்கும், ஆள் நடமாட்டமும் இருக்கும். அப்போது வாசலில், கண் எட்டுகிற தூரத்தில் விட்டால் போதும். ரெயின்கோட், கம்பூட், உள்ளே ஒரு பருத்திச் சட்டை, மேலே ஸ்வெட்டர். திரும்பி வந்ததும் ஈரத்தைக் கழற்றித் துடைத்து, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். சேற்றுத் தண்ணீரில் குதிக்கட்டும், துணி துவைத்துக்கொள்ளலாம். தேங்கின தண்ணீரில் இலையை விட்டு அது எங்கே போகிறதென்று பின்னாலேயே போவான், என் மகள் இதில் ஒரு காலைப்பொழுதையே ஓட்டிவிடுவாள். கூடவே ஒரு லாபம், வெளி வெளிச்சத்தில் அதிகம் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

கொட்டுகிற நாளில் வீட்டுக்குள்ளேயே உடம்பை வேலை வாங்குங்கள். மெத்தையைத் தரையில் போட்டு உருளுவது, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து வருவது, போர்வையில் உட்கார வைத்து இழுப்பது, கண்ணாமூச்சி, தவளை மாதிரி தாவுவது. அவன் போனுக்கு அழுவதில் பாதி, உடம்பில் தேங்கிக் கிடக்கிற தெம்பு வெளியேற வழியில்லாததுதான் என்பது என் அபிப்பிராயம். மூளை வளர்க்கிற பொம்மை என்று ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்களே, அதெல்லாம் வாங்காதீர்கள், அட்டைப் பெட்டி ஒன்று போதும்.

ஊட்டி மருமகள்:
எல்லாரும் மாமியாரைத் தாண்டியே பேசுகிறீர்கள், பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது அவர்தானே. முட்டி வலிக்காரரை ஓடச் சொல்ல முடியாது, உட்கார்ந்த இடத்தில் செய்கிறதைக் கொடுங்கள். பருப்பு கடைந்து, சோறு பிசைந்து, நண்டூருது நரியூருது என்று கையில் கிச்சுகிச்சு மூட்டுகிறது எந்தப் பாட்டிக்குத் தெரியாது? அதில் பிள்ளை முகத்தைப் பார்க்கிறான், அடுத்து என்ன வரும் என்று காத்திருக்கிறான், "இன்னொரு தடவை" என்று கேட்கிறான். போன் இதைச் செய்யாது, அது இவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாடிக்கொண்டே இருக்கும். பட்டாணி உரிக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள், காய்ந்த துணியை மடிக்கக் கொடுங்கள். சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு இருக்கிறது, ஒரு குடம் தண்ணி ஊற்றி இருக்கிறது. "அத்தை, போன் கொடுக்காதீங்க" என்றால் அவருக்குக் குற்றச்சாட்டாகப் படும். "உங்க பேரன் உங்ககிட்ட கதை கேட்டால்தான் பேசுவானாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
பட்டாணி யோசனை நல்லதுதான், ஆனால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பட்டாணி, மொச்சை, புளியங்கொட்டை, பட்டன் பேட்டரி, இதெல்லாம் மூக்கிலும் காதிலும் தொண்டையிலும் போய் மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். பல்லாங்குழி ஆடினாலும் அப்படியே.

இப்போது பேச்சு. மூன்றரை வயதில் மூன்று நான்கு சொல் சேர்த்து வாக்கியமாகப் பேச வேண்டும், வெளி ஆளுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். இரண்டு சொல்லிலேயே நிற்கிறான் என்றால் காட்டுவதுதான் சரி, அப்பா லேட்டாகப் பேசினார் என்பதை நம்பி ஐந்து வயது வரை காத்திருக்காதீர்கள். இதனால் பெரிய கோளாறு என்று அர்த்தமில்லை. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பார்கள், அடிக்கடி சளி பிடித்து காதுக்குள் நீர் கோத்திருந்தாலும் பேச்சு மந்தமாகும். பாட்டு முழுசாகப் பாடுவதை மட்டும் வைத்து நிம்மதி அடையவும் முடியாது, மனப்பாடம் வேறு, நீங்கள் ஒன்று கேட்க அவன் ஒன்று சொல்வது வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, ஒரு குருவியைப் பார்த்தால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா, பொய்க்குச் சமைத்து ஊட்டுகிற மாதிரி விளையாடுகிறானா, முன்பு பேசிய சொல் ஏதாவது நின்றுபோனதா, இதையெல்லாம் கவனித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும். அதுவரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தருகிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

போன் கணக்கு: உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி 3, 4 வயதுக்கு ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2 முதல் 5 வயதுக்கு அதையேதான் சொல்கிறது. அதோடு 3 மணி நேரம் உடல் அசைவு, அதில் 1 மணி நேரமாவது ஓட்டம் சாட்டம், பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம். ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். சாப்பிடும்போதும் தூங்கும் முன்பும் கிடையாது என்று ஆரம்பியுங்கள், "இந்தப் பாட்டு முடிந்ததும் வைக்கணும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அழுதாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள், இது ஒன்றுதான் கஷ்டம். அழுகிற நேரத்தில் அறிவுரை ஏறாது. தலையை முட்டினால் நடுவில் கையோ தலையணையோ வைத்து, "கோபம் வந்துடுச்சா கண்ணா" என்று பக்கத்தில் உட்காருங்கள், போதும். அடிக்கடி முட்டினாலோ காயம் பட்டாலோ டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன், குளிருக்காகப் பிள்ளை படுக்கும் அறையில் கரிநெருப்பு வைத்து ஜன்னலைச் சாத்தாதீர்கள். அதில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, நம் மலையில் இதனால் உயிர் போயிருக்கிறது.

கோத்தகிரி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. விரல் நீட்டிக் காட்டுகிறான், கூப்பிட்டால் திரும்புகிறான், ஆனால் போன் கையில் இருந்தால் மட்டும் திரும்புவதில்லை. அங்கன்வாடி எங்கள் லைனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் மேட்டில், காலையில் நான் விட்டுவிட்டுப் போகலாம், மத்தியானம் யார் கூட்டி வருவது என்பதில்தான் நின்றுகொண்டிருந்தேன். மாமனாரைக் கேட்கப் போகிறேன், டீக்கடைக்கு அந்த வழியாகத்தானே தினமும் போகிறார். சுகாதார நிலையத்துக்குப் போகத் திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். டீச்சர், நடுவில் சேர்த்தால் எடுத்துக்கொள்வார்களா, ஜூன் வரை காத்திருக்க வேண்டுமா?

குன்னூர் அங்கன்வாடி டீச்சர்:
எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்மா. பிறப்புச் சான்றிதழ், ஆதார் இருந்தால் ஆதார், தடுப்பூசி அட்டை எடுத்துப் போங்கள். முதல் வாரம் அழுவான். தாத்தாவை ஒரு மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்லுங்கள், ஆனால் போனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.