பத்மநாபபுரம் வேன்

குழு: ஓடாவி வீடு, பாம்பன்

குமார்: வேன்காரர் முன்பணம் கேட்கிறார். திங்கட்கிழமை விடியற்காலை 3 மணிக்குப் புறப்பாடு. சரிதானே?

செல்வி அத்தை: திங்களா? அன்றைக்கு அரண்மனை விடுமுறைடா.

குமார்: ஐயோ

மாமா: அப்போ திற்பரப்பு அருவிக்குப் போவோம். பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

பெரியப்பா: அருவியை அப்புறம் பார்க்கலாம் மாப்பிள்ளை. இந்தப் பயணமே ஐயாவுக்காக. காலமெல்லாம் வள்ளம் கட்டிய கை அது. 1982-இல் நான் போனபோதே அவரைக் கூட்டிப்போகாமல் விட்டேனே என்று இருந்தது. பூமுகம் என்கிற வாசல் மண்டபத்து விதானத்தில் 90 பூ செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. தாய்க் கொட்டாரம் என்கிற கட்டடம்தான் இருப்பதிலேயே பழசு, அங்கே ஒரே பலா மரத்தில் கடைந்த தூண் நிற்கிறது. தரை கறுப்பாக மினுங்கும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்பார்கள். 1795-இல் திருவிதாங்கூர் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது, மரம் அப்படியே நிற்கிறது. ஊர் நம் தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஐயா அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

செல்வி அத்தை: தொட விடுவார்களா அண்ணே?

பெரியப்பா: கேட்டுப் பார்ப்போம்.

சித்தப்பா: படியெல்லாம் செங்குத்து. ஐயா முழங்கால்?

பெரியப்பா: இன்னும் வள்ளத்தில் ஏறி இறங்குகிறாரே.

செல்வி அத்தை: கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான். கீழே மட்டும் காட்டினால் போதும்.

பெரியப்பா: 64 புயலில் தனுஷ்கோடி வீடு போன பிறகு, கரை ஒதுங்கிய மரத்தில் ஐயா ஒரு கதவு நிலை செய்தார். அது நம் வாசலில் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சித்தப்பா: எத்தனை தடவை அண்ணே? கரையான் அரித்த நிலை. காரைக்குடிக்காரர் கேட்டார், கொடுத்தேன்.

செல்வி அத்தை: கரையான் அடியில் மட்டும்தான் இருந்தது.

சித்தி: பிள்ளைகள் இருக்கிற குழு இது 🙏

குமார்: ஞாயிறா, செவ்வாயா?

மாமா: சனிக்கிழமை தொழிலுக்குப் போனால் ஞாயிறு காலைதான் கரை.

செல்வி அத்தை: ஒரு சனி போகாமல் இருங்களேன்.

மாமா: டீசல் கடன்?

குமார்: செவ்வாய் பள்ளிக்கூடம்.

மாமா: ரயிலில் போனால் என்ன? புதுப் பாலத்தில் பிள்ளைகள் இன்னும் போகவில்லை.

சித்தி: ஐயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பலாத்தூண் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வைரம் பாய்ந்த மரமா, எங்கேயாவது ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று கேட்கிறார்.

பெரியப்பா: ஒட்டே கிடையாது என்று சொல்லம்மா.

சித்தப்பா: வேன் முன்பணம் நான் போடுகிறேன்.

பெரியப்பா: சரிப்பா.

குமார்: வேன்காரர் மறுபடி கூப்பிடுகிறார். எந்தக் கிழமை என்று சொல்ல?

பெரியப்பா: ஞாயிறு.

செல்வி அத்தை: இருடா. உங்க மாமா இன்னும் வாய் திறக்கவில்லை.