4 எலுமிச்சையில் 3.6 வோல்ட் வருகிறது, எல்.இ.டி. ஏன் எரியவில்லை?

செம்புக்கம்பி:
என் மகள் எட்டாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சிக்காக 4 எலுமிச்சம்பழத்தில் ஜி.ஐ. ஆணியும் (துத்தநாகம் பூசிய இரும்பு ஆணி) தடித்த செம்புக் கம்பியும் குத்தி வரிசையாக இணைத்திருக்கிறோம். மல்டிமீட்டரில் பழத்துக்கு 0.9 வீதம் மொத்தம் 3.6 வோல்ட் வருகிறது. வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் போதும் என்கிறார்கள், ஆனால் மாட்டினால் அறை விளக்கை அணைத்துவிட்டு உற்றுப் பார்த்தால்தான் லேசாக ஒரு மினுக்கு தெரிகிறது. வேறு எல்.இ.டி. போட்டுப் பார்த்தேன், அதே கதைதான். இன்னும் 4 பழம் சேர்க்கலாமா? அப்புறம், போனை சார்ஜ் போட எத்தனை பழம் வேண்டும் என்று அவள் தினமும் கேட்கிறாள், சரியான விடை சொல்ல வேண்டும்.

பற்றாசு:
எல்.இ.டி.யில் தப்பில்லை சார். மீட்டர் மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுக்காமலே அளக்கிறது, அதனால்தான் 3.6. இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அது இருக்கும்போதே வோல்ட்டை அளந்து சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
போட்டேன். 0.6 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது!

பற்றாசு:
அப்படியானால் ஓடுவது 0.6 மில்லிஆம்பியர். மீதி 3 வோல்ட்டைப் பழங்களே விழுங்குகின்றன, அதாவது உள்தடை மொத்தம் 5,000 ஓம், பழத்துக்கு 1,250. இந்தக் கணக்கில் ஒரு பழத்திலிருந்து அதிகபட்சம் 0.16 மில்லிவாட்தான் எடுக்க முடியும். சிறிய போன் சார்ஜரே 5 வாட், ஆக 30,000 பழத்துக்கு மேல் வேண்டும் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள், கணக்கையும் அவளையே போடச் சொல்லுங்கள்.

பழத்தைக் கூட்டுவதைவிட மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் விடும் 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி (கபாசிட்டர்) ஒன்றை (16 வோல்ட், முனை மாறக்கூடாது) பழங்களோடு இணைத்துவிடுங்கள். 20 நொடியில் ஏறக்குறைய நிறைந்துவிடும். பிறகு 100 ஓம் ரெசிஸ்டர், பொத்தான் வழியாக எல்.இ.டி.யை அதில் மாட்டி அழுத்தினால் பளிச்சென்று ஒரு மின்னல் வரும். தொடர்ந்து ஓடுகிற ஏதாவது காட்ட வேண்டுமென்றால் 1.5 வோல்ட் பொத்தான் செல்லில் ஓடும் சின்ன எல்.சி.டி. கடிகாரம் எடுங்கள், அதற்கு மைக்ரோஆம்பியர்கள் போதும், 2 பழமே தாங்கும்.

துத்தநாகன்:
ஒன்றை மட்டும் குழந்தைக்குத் தவறாமல் சொல்லிக்கொடுங்கள்: மின்சாரம் எலுமிச்சையிலிருந்து வரவில்லை. ஆணியின் மேலுள்ள துத்தநாகம் கரைகிறது, அதுதான் எரிபொருள், சாறு வழி விடுகிறது அவ்வளவே. கண்காட்சிகளில் பெரும்பாலும் "பழ மின்சாரம்" என்று எழுதி வைத்துவிடுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பூச்சு மெல்லியது, அது தீர்ந்து இரும்பு வெளியே வந்ததும் வோல்ட் விழுந்துவிடும். பழைய டார்ச் செல்லின் (கார்பன்-துத்தநாக வகை மட்டும், அல்கலைன் வேண்டாம், லித்தியத்தைத் தொடவே கூடாது) உள்ளே இருக்கும் துத்தநாகக் கூட்டை நீங்களே வெட்டிக் கழுவி, ஆணிக்குப் பதிலாகக் குத்தக் கொடுங்கள். சோதனை முடிந்த பழத்தில் சாறு பிழிந்து குடிக்க வேண்டாம், அதில் துத்தநாகம் கரைந்திருக்கும்.

எலுமிச்சைக்குப் பதில் வேகவைத்த உருளைக்கிழங்கையும் முயலுங்கள். 2010-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சைக் கிழங்கைவிட வேகவைத்ததில் 10 மடங்கு வரை கூடுதல் திறன் எடுத்துக் காட்டினார்கள். வெந்ததும் உள்தடை குறைகிறது, காரணம் அதுதான்.

அகல்:
வெள்ளை எல்.இ.டி. நின்று எரிந்தே ஆக வேண்டுமென்றால் வெப்பத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் மின்சாரம் தரும் டி.இ.சி.1-12706 பெல்டியர் தகட்டின் மேல் தண்ணீர் நிறைந்த அலுமினியப் பாத்திரம், கீழே ஒரு அலுமினியத் தகடு, அதற்கும் கீழே அகல் விளக்கு. எனக்கு எதையும் மாட்டாமல் அளந்தபோது 1.2 வோல்ட் வந்தது, உள்தடை சில ஓம்கள்தான் என்பதால் பழத்தைப் போல உடனே படுத்துவிடாது. அந்தக் குறைந்த வோல்ட்டை எல்.இ.டி. எரியும் அளவுக்கு ஏற்ற ஜூல் தீஃப் என்ற சின்னச் சுற்று: பி.சி.547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பழைய சி.எஃப்.எல். பல்பின் போர்டிலிருந்து கழற்றிய ஃபெரைட் வளையத்தில் இரட்டைக் கம்பியாக 15 சுற்று. ஒரு கம்பியின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு சேர்க்க வேண்டும், இதை மாற்றிவிட்டு நான் இரண்டு நாள் தேடினேன். சுடரைத் தகட்டுக்கு மிக அருகே வைக்காதீர்கள், பெல்டியர் தகட்டின் உள்ளே இருக்கும் பற்றாசு (சால்டர்) பல தகடுகளில் 138 டிகிரியிலேயே உருகிவிடும். 1950-களில் சோவியத் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் மேல் இதே தத்துவத்தில் ஒரு ஜெனரேட்டரைப் பொருத்தி ரேடியோ கேட்டிருக்கிறார்கள்!

செம்புக்கம்பி:
மின்தேக்கி வேலை செய்கிறது சார்! 20 நொடிக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே இருக்கிறாள். உருளைக்கிழங்கு குக்கரில் இருக்கிறது, அதே 1 கிலோ ஓமில் அளந்து எழுதுகிறேன்.