கமடோர் 64: ஒரு பிரிண்ட்எஃப் சேர்த்ததும் சி நிரல் உறைந்துபோகிறது, உதவுங்கள்

அரைபைட்:
வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நான் இருப்பது ஜெர்மனியில். போன கோடையில் பழம்பொருள் சந்தையில் கமடோர் 64 என்ற 80-களின் வீட்டுக் கணினி ஒன்றை வாங்கினேன். இங்கே அதன் செல்லப் பெயர் ரொட்டிப்பெட்டி. பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. மடிக்கணினியில் சிசி65 கம்பைலரை வைத்து சி-யில் ஒரு சின்ன சுடும் விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் நான்கு ஸ்பிரைட் (திரையில் தனியாக நகரும் சின்னப் படம்): கப்பல், எதிரி, குண்டு, வெடிப்பு. நிரல் தொடங்கியதும் அவற்றின் தரவை 8192-ஆம் முகவரியிலிருந்து வரிசையாக மெம்காப்பி (நினைவகத்தில் நகலெடுக்கும் ஃபங்ஷன்) செய்கிறேன். பிறகு 2040 முதல் 2043 வரையுள்ள இடங்களில் 128, 129, 130, 131 என்று எழுதுகிறேன் (எண்ணை 64-ஆல் பெருக்கினால் அந்தப் படத்தின் முகவரி). இதுவரை நன்றாகவே ஓடியது.

மதிப்பெண் காட்டலாம் என்று ஒரே ஒரு பிரிண்ட்எஃப் (திரையில் அச்சிடும் ஃபங்ஷன்) வரி சேர்த்தேன். அவ்வளவுதான், திரை உறைந்துவிட்டது. ரன்ஸ்டாப், ரெஸ்டோர் இரண்டையும் சேர்த்து அடித்தாலும் அசையவில்லை. அந்த வரியைக் கமென்ட் செய்தால் (கம்பைலர் கண்ணில் படாமல் மறைத்தால்) மறுபடி ஓடுகிறது. மடிக்கணினியில் கமடோர் போலவே நடிக்கும் வைஸ் எமுலேட்டரிலும் இதே கதை, அதனால் பெட்டியில் பழுது இருக்காது என்று நினைக்கிறேன். பிரிண்ட்எஃப்பில் ஏதாவது பிழையா?

சுழியம்:
நினைவகம் தீர்ந்திருக்கும். இயக்கியதும் திரையில் 38911 பைட் காலி என்று வருமே, அதைத் தாண்டியிருப்பீர்கள்.

பழையபெட்டி:
சுழியம், அந்த 38911 பேசிக் மொழிக்கான கணக்கு. சிசி65 பேசிக் ரோமை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் ஓடும். 2049-இல் தொடங்கி 53247 வரை அதற்கு ரேம் உண்டு. அதன் உச்சியிலிருந்து 2048 பைட்டை சி-யின் ஸ்டாக் (ஃபங்ஷன்களின் தற்காலிக வேலையிடம்) எடுத்துக்கொள்ளும். நான்கு ஸ்பிரைட் விளையாட்டு அதையெல்லாம் நிரப்பாது.

அரைபைட் தம்பி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பிரிண்ட்எஃப் இல்லாமல் கோப்பு எத்தனை பைட், சேர்த்த பிறகு எத்தனை? அடுத்து, எந்த வரியில் நிற்கிறது என்று பிடிக்க 53280-இல் விளிம்பு நிறத்தை மாற்றுங்கள்: மெம்காப்பிக்கு முன்னால் 2, அதற்குப் பின் 5, பிரிண்ட்எஃப்புக்குப் பின் 6. கடைசியாக, நிரல் தொடங்கும் ஃபங்ஷனான மெயினின் முதல் வரியாகவும் ஒரு பிரிண்ட்எஃப் போட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, இப்போது சொல்லமாட்டேன்.

அரைபைட்:
நன்றி அண்ணா. அது இல்லாமல் 5204 பைட், சேர்த்தால் 7986. ஒரு வரிக்கு இத்தனையா என்று அதிர்ந்துபோனேன். விளிம்பு சிவப்பாகி, பச்சையாகி, பச்சையிலேயே நிற்கிறது. நீலம் வரவேயில்லை. ஆனால் மெயினின் முதல் வரியில் போட்ட பிரிண்ட்எஃப் சுத்தமாக அச்சிடுகிறது! இரண்டாவது முறை கூப்பிட்டால்தான் சாகிறது. தலை சுற்றுகிறது.

சுழியம்:
8192 ராசியில்லாத இடம் போல. ஸ்பிரைட்டை 4096-க்கு மாற்றிப் பாருங்கள், எண்கள் 64, 65, 66, 67.

அரைபைட்:
சுழியம் சொன்னபடி செய்தேன். பிரிண்ட்எஃப் இப்போது வேலை செய்கிறது, மதிப்பெண் தெரிகிறது! ஆனால் கப்பல் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த துணி மாதிரி புள்ளியும் கோடும். குண்டு சுட்டதும் மறுபடி உறைவு. ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு வந்திருக்கிறேனா?

பழையபெட்டி:
ஆமாம், அதுவும் ஆழமான குழி. சுழியம் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் ஒரு காலத்தில் அதே 4096-இல் விழுந்தவன்தான்.

முதலில் 8192. கோப்பின் முதல் இரண்டு பைட் ஏற்ற வேண்டிய முகவரி, மீதிதான் நிரல். 5204 பைட் கோப்பு என்றால் 2049 முதல் 7250 வரை நிரல், 8192 காலி. 7986 ஆனதும் நிரல் 10032 வரை நீண்டுவிட்டது. இப்போது 8192-இல் உட்கார்ந்திருப்பது உங்கள் சொந்த நிரல்தான், பெரும்பாலும் பிரிண்ட்எஃப்போடு வந்த நூலகப் பகுதி. அதன் தலையில் கப்பல் படத்தை நகலெடுக்கிறீர்கள். நகலெடுக்கும் முன் பிரிண்ட்எஃப் உயிரோடு இருந்தது, அச்சிட்டது. நகலெடுத்த பிறகு கூப்பிட்டால் கமடோரின் செயலியான 6510 சில்லு உங்கள் கப்பலைக் கட்டளையாக எண்ணி இயக்கப் பார்க்கிறது. நினைவகக் காவல் என்று எதுவும் அந்தக் காலத்து இயந்திரத்தில் கிடையாது. எங்கே எழுதச் சொன்னாலும் எழுதும்.

அந்த வரியைக் கமென்ட் செய்தால் ஓடுவதும் இதனால்தான். கூப்பிடாத நூலகத்தை லிங்கர் (நிரலின் துண்டுகளை இணைக்கும் கருவி) சேர்ப்பதில்லை, நிரல் மறுபடி 8192-க்குக் கீழே சுருங்கிவிடுகிறது. பிரிண்ட்எஃப் பாவம், அதன் மேல் பழி போட வேண்டாம்.

இப்போது 4096. இதில் இரண்டு தவறு. அந்த இடத்திலும் உங்கள் நிரல்தான் இருக்கிறது, அநேகமாகக் குண்டு சுடும் ஃபங்ஷன். அதனால்தான் சுட்டதும் உறைகிறது. இரண்டாவது, படம் வரையும் விக்-2 சில்லு ஒரு சமயத்தில் 16 கிலோபைட்டை மட்டுமே பார்க்கும். இயக்கியதும் அது பார்ப்பது 0 முதல் 16383 வரை. அதிலும் 4096 முதல் 8191 வரை அதன் கண்ணுக்கு ரேம் தெரியாது, எழுத்துரு ரோம்தான் தெரியும். நீங்கள் எழுதியது ரேமில் பத்திரமாக இருக்கிறது, அதை அந்தச் சில்லுக்குத்தான் பார்க்க வழியில்லை. எழுத்துருவில் ஓர் எழுத்துக்கு 8 பைட், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஸ்பிரைட்டிலோ வரிக்கு 3 பைட், 21 வரி, மொத்தம் 63. எழுத்துகளை மும்மூன்று பைட்டாக வெட்டி அடுக்கினால் கிழிந்த துணிதான் கிடைக்கும்.

நான்கே ஸ்பிரைட் என்பதால் தீர்வு சுலபம். 11, 13, 14, 15 என்று நான்கு பழைய புகலிடங்கள் உண்டு. 64-ஆல் பெருக்கினால் 704, 832, 896, 960. முதலாவது யாரும் தொடாத இடம். மற்ற மூன்றும் கேசட் பஃபர், நிரல் ஓடும்போது நாடாவில் படிக்காதவரை அது உங்களுடையது. நிரல் எத்தனை வளர்ந்தாலும் கீழே 704-க்கு வராது. ஸ்பிரைட் கூடினால் 12288, அதாவது எண் 192-இலிருந்து வையுங்கள். அப்போது நிரலும் மாறிகளும் 12288-க்குக் கீழே முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மேலாக் (ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) பயன்படுத்தினால் அதுவும் கணக்கில் வரும்.

பார்ப்பதற்கு லிங்கரிடம் மேப் கோப்பு (எது எந்த முகவரியில் என்ற பட்டியல்) கேளுங்கள். இதை எழுதும் ஒவ்வொருவரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை, யாரும் செய்வதில்லை.

மூன்றாம்பதிவகம்:
பழையபெட்டி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் 2782 பைட்டை ஒரு பிரிண்ட்எஃப்புக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. அது ஓடும்போது வடிவச் சரத்தை எழுத்தெழுத்தாகப் படித்துத்தான் முடிவெடுக்கும், அதனால் நீங்கள் கேட்காத எண் வடிவங்களுக்கான குறியீடும் கூடவே வந்துவிடும். ஒரு மெகாஹெர்ட்ஸ் இயந்திரத்தில் மெதுவும்கூட. மதிப்பெண்ணுக்கு யுடோஏ வைத்து எண்ணைச் சரமாக்குங்கள் (65535 வரை என்றால் ஆறு பைட் இடம் போதும்), கோட்டுஎக்ஸ்ஒய் வைத்து இடம் காட்டுங்கள், சிபுட்ஸ் வைத்து அச்சிடுங்கள்.

அப்புறம், சிபிரிண்ட்எஃப் சிறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குள்ளும் அதே வடிவ வேலைதான் நடக்கிறது.

அரைபைட்:
ஓடுகிறது!! 11, 13, 14, 15-இல் வைத்தேன், கப்பல் முழுசாகத் தெரிகிறது. யுடோஏவும் சிபுட்ஸும் போட்டதில் கோப்பு 5377 பைட்டுக்கு இறங்கியது. ஆனாலும் பழைய கோப்புக்கு மேப் எடுத்துப் பார்த்தேன். அதில் முகவரி பதினாறடிமானத்தில் இருக்க, எனக்கு மாற்றவே பத்து நிமிடம். 8192 அண்ணா சொன்னபடி நிரல் பகுதிக்கு நடுவில்தான் இருந்தது. மூன்று நாள் பிரிண்ட்எஃப்பைத் திட்டியதற்கு மன்னிப்பு.

இன்னொரு சின்னக் கேள்வி, புது இழை வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன். மேல் வரியை மட்டும் அழிக்க, ஒரு பைட் அளவுள்ள சார் வகை மாறி ஒன்றை 39-இலிருந்து சுழியம் வரை இறக்கி, சுழியத்துக்குக் குறையாதவரை ஓடும் லூப் எழுதினேன். அது ஆறு வரியை முழுசாக அழித்து, ஏழாவதில் பதினாறு எழுத்தையும் அழித்துவிட்டு அங்கேயே நிற்கிறது. இதே லூப் மடிக்கணினியில் சரியாக ஓடியது.

சுழியம்:
இது எனக்குத் தெரியும், விடுங்கள் நான் சொல்கிறேன்! சிசி65-இல் சார் என்றால் குறியில்லாதது, சுழியத்துக்குக் கீழான எண் அதில் நிற்காது. உங்கள் மடிக்கணினியில் அது குறியுள்ளது. இங்கே சுழியத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 255 ஆகும், சுழியத்துக்குக் கீழே போகவே போகாது. ஆறு நாற்பது 240, கூட 16, மொத்தம் 256. உங்கள் திரையே விடை சொல்லியிருக்கிறது. 40-இல் தொடங்கி, மாறி சுழியம் ஆகும்வரை ஓடவிட்டு, லூப்புக்குள் முதல் வேலையாக ஒன்று குறையுங்கள். மாறியைக் குறியுள்ளதாக மாற்ற வேண்டாம், குறியில்லாத சார்தான் 6510-க்கு வேகம்.

பழையபெட்டி:
சுழியம், 4096-ஐ மன்னித்தேன்.

அரைபைட், என் பள்ளிக்கு 80-களின் நடுவில், பள்ளிகளுக்குக் கணினி கொடுத்த கிளாஸ் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினி வந்தது, அதன் செயலியும் 6510 போல 6502 குடும்பம்தான். ஒரு பெட்டிக்கு நாங்கள் எட்டுப் பேர். உங்களிடம் ஒரு முழுப் பெட்டி தனியாக இருக்கிறது, விளையாட்டு முடிந்ததும் கோப்பை இங்கே போடுங்கள், வைஸில் ஓட்டிப் பார்க்கிறேன்.

அரைபைட்:
லூப்பும் சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன் அண்ணா, வெடிப்புச் சத்தம் மட்டும் பாக்கி.