வளரும் பிள்ளைகளின் மனச்சோர்வு: நீங்கள் பார்த்ததைப் பகிருங்கள்

வகுப்பாசிரியை:
ஓரமாக உட்கார்ந்து அழும் பிள்ளையை யாரும் கவனித்துவிடுவார்கள். கண்ணில் படாமல் போவது எரிந்து விழும் பிள்ளைதான். என் வகுப்பில் ஒரு பையன். நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க முகங்களாக வரைந்து வைத்திருப்பான். ஒரு பருவத்தில் நோட்டுத் திருத்தும்போது பார்த்தால் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அதே சமயத்தில், "ஏன்டா லேட்டு?" என்றால்கூடச் சீறினான். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று போய்ப் படுத்துக்கொண்டான். ஆசிரியர் அறையில் அவனுக்கு வைத்த பெயர் "திமிர் பிடித்தவன்". எனக்கு உறுத்தியது சீற்றம் இல்லை, அந்த வெற்றுப் பக்கங்கள். வளரும் பிள்ளைகளுக்குச் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலே முதன்மை அறிகுறியாக இருக்கலாம் என்று மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடே சொல்கிறது. பெற்றோரைக் கூப்பிட்டு, புகாராகச் சொல்லாமல், பார்த்ததை மட்டும் சொன்னேன்.

ஒரு அம்மா:
டீச்சர் சொன்ன அந்த உடம்பு வலி என் மகளுக்கும் இருந்தது. இந்த வயதில் தூக்கம் வர நேரமாவது இயல்புதான். ஆனால் இவள் லீவு நாளில் மதியம் வரை தூங்கி எழுந்தாலும் தலை வாரக்கூடத் தெம்பில்லாமல் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டர் முதலில் ரத்தசோகையும் தைராய்டும் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. அப்புறம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். மொத்தம் 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. "இதைக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா டாக்டர்?" என்றார் என் வீட்டுக்காரர். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, ஏற்கெனவே இருந்தால் வெளியே சொல்ல வழி கிடைக்கும் என்றார் டாக்டர். மகள் "சில நாட்கள்" கட்டத்தில் டிக் போட்டாள். அன்றே வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் பூட்டி வைத்தோம்.

பேச்சு சிகிச்சையோடு ஃப்ளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும் எழுதினார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், ஆனால் முதல் வாரங்களில்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கவேண்டும் என்றார். மனச்சோர்வு மருந்து தொடங்கும் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை அச்சிட வைத்திருக்கிறது. அதற்குப் பயந்து நாமாக மருந்தை நிறுத்துவதும் ஆபத்து.

கல்லூரி மாணவன்:
நான் அந்த மனச்சோர்வை அனுபவித்தவன். நண்பர்களோடு இருக்கும்போது சிரிப்பேன், வீட்டுக்கு வந்ததும் படுக்கைதான். "வெளியே மட்டும் பல்லைக் காட்டத் தெரியுதே" என்பார்கள். அந்தச் சிரிப்புக்கே இருந்த தெம்பெல்லாம் போய்விடும் என்று யாருக்குப் புரியும்? "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்டால் வாயே திறக்காது. மாமா ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளா நீ நீயா இல்லையேடா" என்றார். அவரிடம்தான் சொன்னேன்.

ஒரு அப்பா:
இந்த வயதில் கதவைச் சாத்திக்கொள்ளாத பிள்ளை எங்கே இருக்கிறது? எல்லாவற்றுக்கும் நோய் என்று பெயர் வைத்தால் எப்படி?

வகுப்பாசிரியை:
நியாயமான கேள்வி சார். வெறும் கதவுச் சாத்தலை நானும் பெரிதாக எடுப்பதில்லை. அந்த மனநிலை கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரமாவது நீடிக்கிறதா? தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு என்று பலவற்றையும் சேர்த்துச் சாய்க்கிறதா? அப்படியானால் டாக்டரிடம் காட்டுவதில் நஷ்டமில்லை, ஒன்றுமில்லை என்று சொன்னால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். ஆனால் "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ, ஆசையாகச் சேர்த்த பொருளை எல்லாம் சும்மா எடுத்துக் கொடுத்தாலோ இரண்டு வாரக் கணக்குப் பார்க்காதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.