கோல்ஃப் மட்டை களவு போன அனுபவம் யாருக்காவது உண்டா?

காரைக்குடியான்: நம்ம பக்கம் கோல்ஃப் ஆடுறவங்க கம்மி. எனக்கு மலேசியாவுல வேலை பார்த்தப்போ ஒட்டிக்கிட்ட பழக்கம். அங்கே கிளப் வாசல்ல பையை ஸ்டாண்டுல சாத்திட்டுச் சாப்பிடப் போனேன். அரை மணி நேரம்தான். திரும்பி வந்தா டிரைவரும் (தூரமா அடிக்கிற மட்டை) பட்டரும் (குழிக்குள்ள தள்ளுற மட்டை) மட்டும் காணோம். எது சீக்கிரம் விலைபோகும்னு தெரிஞ்ச ஆள்! போலீஸ்ல முதல் கேள்வியே சீரியல் நம்பர். மட்டையோட கழுத்துல பொடி எழுத்துல இருக்குமாம். நான் பார்த்ததே இல்லை.

ஊருக்கு வந்து சொன்னா ஆத்தா சிரிச்சாங்க. "சீர்ல வந்த கரண்டிக்கே விலாசம் வெட்டி, பட்டியல் எழுதி வச்சிருக்கோம். உன் மட்டைக்கு ஒண்ணும் வெட்டலையா?" மறுநாளே பாத்திரக் கடையில கொண்டுபோய்க் கொடுத்தேன். பேர் வெட்டுறவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பாவம். இரும்புத் தலைகளோட முதுகுல விலாசம் ஏறிடுச்சு. கிராஃபைட் தண்டுல மட்டும் வெட்ட விடாதீங்க, கீறல் விழுந்தா அந்த இடத்துலயே முறியும். அதுக்கு கிரிப் (கைப்பிடி உறை) மாத்தும்போது உள்ளே பேர் எழுதின சீட்டைச் சுத்திட்டேன்.

தேவகோட்டை தம்பி: அண்ணே, நான் மலேசியாவுல ஜொகூர்ல கோல்ஃப் மைதானத்து பேட்டரி வண்டி ஷெட்டுல இருந்தேன். ஒரே மாடல் வண்டின்னா பெரும்பாலும் ஒரே சாவி எல்லாத்துக்கும் சேரும். ஒரு ராத்திரி வண்டி ஒண்ணு போயிடுச்சு. விடிஞ்சு தேடினா செம்பனைத் தோட்டத்துக்குள்ள நிக்குது, பேட்டரி 6-ம் இல்லை. ஈயத்துக்காகத்தான். அப்புறம் எல்லா வண்டிச் சக்கரத்துலயும் சங்கிலி, ஷெட் வாசலை மறிச்சு ஒரு டிராக்டர்.

சென்னைவாசி: கொடைக்கானல்ல ஆடிட்டு, திரும்பற வழியில கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீட்டு ஓட்டல்ல தங்கினோம். பையை டிக்கியிலயே விட்டுடலாம்னேன். வாட்ச்மேன் தாத்தா விடலை. "மேளமா தம்பி? உள்ள வையுங்க"ன்னு முகப்புத் திண்ணைக்குத் தூக்கிட்டு வந்து, உறையைக் கழட்டி எண்ணவே ஆரம்பிச்சுட்டார். "13 இருக்கு, காலைல 13 வாங்கிக்கங்க."

விதிப்படி ஆட்டத்துக்கு 14 மட்டை வரைக்கும் வச்சுக்கலாம், என்கிட்ட 14 இருந்துச்சு. தாத்தா முன்னாடியே கொடைக்கானலுக்கு போன் போட்டேன். சாண்ட் வெட்ஜ் (மணல்ல விழுந்த பந்தை எடுக்கிற மட்டை) ஏழாவது குழி ஓரத்துல புல்லுல கிடந்துச்சாம்.